ஓசி கலெக்டரின் கஜானா

அத்தியாயம் 5

திருடனைப் பிடிப்பதற்கு முன்பே அவனுடைய படிப்பைப் பிடித்துவிட்டாள் பூங்குழலி.

"பி.காம்., ஹபீப். சந்தேகமே இல்ல. திருடன் பி.காம். படிச்சவன்."

பழைய ஆம்னியை ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய உதவியாளன் ஹபீப், கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தான். "நீங்க இன்னா படிச்சீங்கக்கா?"

"பி.காம்."

"அப்ப மொத ஆளு வண்டிலயே இருக்காங்க. யூ டர்ன் போட்டுடவா?"

மேதைகள் இப்படிப்பட்ட உதவியாளர்களைச் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பது பூங்குழலியின் கொள்கை. வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் 'பூங்குழலி துப்பறிவகம்' என்று பலகை மாட்டிய நாள் முதலாக அவள் கண்டுபிடித்துக் கொடுத்தவற்றில் பாதி, காணாமல் போன ஸ்கூட்டிகள். மீதி, அந்த ஸ்கூட்டிகளில் ஏறிக் காணாமல் போன மாப்பிள்ளைகள். இந்த வழக்குதான் முதல் முறையாக டிஜிட்டல். அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

வழக்கைக் கொண்டுவந்தவர் கோதண்டராமன். ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் எச்.ஆர். ஜெனரல் மேனேஜர். அவருடைய விசிட்டிங் கார்டை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பின்பக்கத்தில்தான் 'தலைவர், ஆம்பூர் வட்டார டிஜிட்டல் சொத்து சேகரிப்போர் மன்றம்' என்று இருக்கும். மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், டீக்காக வரும் இரண்டு உறுப்பினர்கள்.

அப்படி என்ன சொத்து? வீடியோ கேம். ஆன்லைனில் ஒரு கடை, வியாழக்கிழமை தோறும் ஒரு கேமை ஓசியில் கொடுக்கிறது. அந்த வாரத்துக்குள் பட்டனை அமுக்கினால் அது ஆயுசுக்கும் நம்முடையது. மாதச் சந்தா கட்டினால் அள்ளிக்கொடுக்கும் கடைகள் வேறு உண்டு; 'முதல் மாதம் இலவசம்' என்கிற வரைக்கும் அங்கெல்லாம் கோதண்டராமன் விசுவாசமான வாடிக்கையாளர். இப்படி வாரம் தவறாமல், காய்ச்சலிலும் கருமாதியிலும்கூடத் தவறாமல், போனில் பட்டனை அமுக்கி அமுக்கி அவர் சேர்த்த கேம்கள் அறுநூற்றுச் சொச்சம். ஆடியவை: பூஜ்யம்.

"ஒண்ணுகூடவா ஆடல?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள் பூங்குழலி.

"நான் விளையாடறவன் இல்லம்மா, சேகரிக்கிறவன்," என்றார் கோதண்டராமன், யாரோ போட்டோ எடுப்பதுபோல மோவாயை உயர்த்தி. "ஸ்டாம்பு சேக்கறவன் லெட்டர் போடுவானா?"

கடையில் அவர் வைத்திருந்த பெயர் 'கலெக்டர் கோதண்டம்'. ஊரும் அவரைக் கலெக்டர் என்றே கூப்பிட்டது. அதில் இருந்த கிண்டல் மட்டும் இன்னும் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

இதோடு நின்றிருந்தால் தொந்தரவில்லை. அவருடைய மகள் நிஷாவைப் பெண் பார்க்க ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே குடும்பம் ஒன்று வந்தது. பையன் கௌதம் கேம் ஆடுவானாம். காப்பி டம்ளர் கீழே வைக்கப்படுவதற்குள் கோதண்டராமன் எழுந்து நின்று அறிவித்துவிட்டார்: "நகை நட்டு எல்லாரும் போடுவாங்க. நான் மாப்பிள்ளைக்கு டிஜிட்டல் சீர் குடுக்கறேன். என் மொத்த கஜானாவும் அவருக்கு!" நாளை வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மண்டபத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை கட்டி, அறுநூறு கேம்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, பாஸ்வேர்டை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

இந்த வாரத் தொடக்கத்தில் கஜானா பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு செல்லவில்லை. கடைசியாகக் கடையிலிருந்து ஒரே ஒரு மெயில்: உங்கள் பெயர் மாற்றப்பட்டது. 'கலெக்டர் கோதண்டம்' போய், எஸ், யு, என், டி, ஆர், ஒய் என்று ஆறு எழுத்து வந்திருந்தது. சண்ட்ரி.

"சண்ட்ரின்னா இன்னாக்கா, தெலுங்குப் பட வில்லனா?" என்றான் ஹபீப், சுங்கச்சாவடியைத் தாண்டியபடியே.

"சில்லறை இனம். எந்தத் தலைப்புலயும் அடங்காததை எல்லாம் கணக்குல அங்கதான் தள்ளுவாங்க. சண்ட்ரி டெட்டார்ஸ், சண்ட்ரி கிரெடிட்டார்ஸ், சண்ட்ரி செலவு. இந்த வார்த்தைய ஆசையா பேரா வெச்சிக்கிறவன் யாரு? கணக்கு எழுதறவன். மன்றத்தோட துணைத்தலைவர் ஷபீ அஹமது எந்த வேலை பாக்கறார்?"

"சீஃப் அக்கவுன்டன்ட்."

"எந்த கம்பெனில?"

"அதே கம்பெனில."

"அவர் எங்க குடியிருக்கார்?"

"கலெக்டருக்குப் பக்கத்து வீட்ல." ஹபீப் பெருமூச்சு விட்டான். "ஒத்துக்கறேன்க்கா. பி.காமுக்கு இன்னிக்குதான் மொத மொதல்ல வேலை கெடச்சிருக்கு."

*

கம்பெனி வாசலில் இறங்கியதும் தோல் வாசனை முகத்தில் அறைந்தது. பூங்குழலி துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டு போனாள். வாட்ச்மேன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளியூரா?"

அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஷபீ அஹமது, மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வெற்றுடம்பாக வந்தவனையும் 'ரசீது இருக்கா?' என்று கேட்கும் முகம்.

பூங்குழலி பொறி வைத்தாள். வெகு சாதாரணமான குரலில், "ஒரு சந்தேகம் சார். இந்த டீ, பிஸ்கட், ஊதுவத்தி, பூட்டுக்கு எண்ணெய், இதெல்லாம் கணக்குல இன்னான்னு எழுதுவீங்க?"

"சண்ட்ரி."

"பார்த்தியா ஹபீப்!" பூங்குழலி மேஜையைத் தட்டினாள். "அவர் வாயாலயே வந்துடுச்சு!"

ஷபீ அஹமது கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி, ஹாலைப் பார்த்து, "இங்க சண்ட்ரி யாருப்பா?" என்றார்.

ஒரு கை உயர்ந்தது. "நான்தான் சார்!" ஒல்லியான ஓர் ஆள் எழுந்து நின்றார்.

"இவர் பாண்டியன். சண்ட்ரி பில் எல்லாம் இவர்தான் பாக்கறார். பக்கத்து டேபிள் ரெண்டு வருஷம் சண்ட்ரி பார்த்தாரு. அதுக்கு முன்னாடி நான். மூணு பேரையும் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல ரோடு ஓரமா தோல் பதம் பண்ற எல்லா டேனரிக்கும் ஒரு பஸ் அனுப்புவீங்களா?"

பாண்டியன் நின்றபடியே, "சார், என் போன்ல கேமு ஒண்ணுதான். பாம்பு. அதுவும் வாலைக் கடிச்சி செத்துப் போய்டும்," என்றார். உட்காரச் சொல்லும்வரை அவர் உட்காரவில்லை.

ஹபீப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்காமல் இருப்பது, சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

"சரி," என்றாள் பூங்குழலி, விழுந்த இடத்திலேயே மண்ணைத் தட்டிக்கொண்டு. "ஆனா உங்களுக்கு மோட்டிவ் இருக்கு. அவர் தலைவர், நீங்க துணை. அவர்கிட்ட அறுநூறு கேம் இருக்கு."

ஷபீ அஹமது போனை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். திரையில் கேம் படங்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

"எங்கிட்டயும் அறுநூறு இருக்கு. பேர் பேரா அதே அறுநூறு. ஒரே கடை, ஒரே வியாழக்கிழமை, ஒரே ஓசி. அவர் வாங்கினத நானும் வாங்கினேன், நான் வாங்கினத பிரேசில்ல ஒருத்தன் வாங்கியிருப்பான். உலகத்துல கோடிப் பேர்கிட்ட இதே கஜானா இருக்குங்க. ரேஷன் கடை வேட்டிய எவனாவது பக்கத்து வீட்டுக் கொடிலேருந்து திருடுவானா? அவன் வீட்லயே ஒண்ணு இருக்கும்ல!"

பூங்குழலி நோட்டைத் திறந்து 'மோட்டிவ்' என்பதை அடித்தாள். மூடினாள்.

"இதக் கலெக்டர்கிட்ட சொல்லலையா பாய்?" என்றான் ஹபீப்.

"எப்படிச் சொல்றது? மன்றக் கூட்டத்துல அவர் 'அரிய சேகரிப்பு'ம்பார், நானும் 'அரிய'ம்பேன். ரெண்டு பேருமே அரிய ஆளா இருந்துட்டுப் போறோம்னு விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு விஷயத்துல மனுஷன் சரியான பித்தலாட்டம். 'நான் ஆடறதில்ல, சேகரிக்கிறேன்'னு மைக்குல பேசுவார். கடையில நாங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டுல இருக்கோம். யார் எப்போ ஆடறாங்கன்னு பச்சை லைட்டு எரிஞ்சி காட்டிக் குடுத்துடும். தெனம் மத்தியானம் அவர் பேர்ல பச்சை லைட்டு எரியும். எச்.ஆர். மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிட்டு அந்த ஆளு லாரி ஓட்டறாருங்க!"

"லாரியா?"

"ஐரோப்பாவுல சரக்கு லாரி ஓட்ற கேமு. ஒரு நாள் விடாம. வெள்ளிக்கிழமை மட்டும் எரியாது."

"பூட்டிக்கிட்ட பெறகு?"

ஷபீ அஹமது புருவத்தை உயர்த்தினார். அது அவருக்கே இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "இப்பவும் எரியுது. பேர்தான் சண்ட்ரி."

*

கம்பெனி வாசலுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் பூங்குழலி, ஆற்றிய டீயை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அது அடையாளம். யோசிப்பதாகப் பிறருக்குக் காட்டுகிறாள் என்பதற்கும் அதுவேதான் அடையாளம்.

"ஹபீப், ஓசியா எல்லாருக்கும் கெடைக்கிறத எதுக்கு ஒருத்தன் திருடணும்?"

"பழக்கதோஷம்."

"இல்ல. கேமு ஓசி. ஆனா ஆடின ஆட்டம் ஓசியில்ல. தெனம் மத்தியானம் உக்காந்து ஓட்டின லாரி, சேர்த்த வண்டி, ஏறின லெவல் எல்லாம் அந்த அக்கவுன்ட்டுக்குள்ளதான் இருக்கு. வேற அக்கவுன்ட்ல அதே கேமை வாங்கலாம், அதே ஆட்டத்த வாங்க முடியாது. திருடன் அறுநூறு கேமைத் திருடல. ஒண்ணே ஒண்ண காப்பாத்தியிருக்கான்."

ஹபீப் டீயைக் கீழே வைத்தான். அவனுக்கு உண்மையிலேயே சுரீரென்றிருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவனிடம் இல்லை. "நல்லாத்தான் போகுது. சரி, வெள்ளிக்கிழமை ஏன் ஆடல?"

"தொழுகையா இருக்குமோ?"

"யக்கா! தொழுகைக்கு எவ்ளோ நேரம் ஆவும்? மிச்ச நேரம் பூரா ஊரே பிரியாணி தின்னுட்டு போனும் கையுமா கவுந்து கெடக்கும். ஆம்பூர்ல வெள்ளிக்கிழமைதான் கம்பெனிக்கு லீவு. கேம் ஆடறவன் அன்னிக்கு ஜாஸ்தி ஆடுவானே தவிர கம்மி ஆட மாட்டான்."

"அதான்!" பூங்குழலியின் டீ சிந்தியது. "ஊருக்கு லீவு உட்டா இந்த ஆளுக்கு லீவு கெடையாது. வேலைநாள் மத்தியானம் ஃப்ரீ, லீவு நாள்ல நிமிர நேரமில்ல. அப்படி ஒரு உத்தியோகம் ஆம்பூர்ல யாருக்கு இருக்கு?"

"பிரியாணி மாஸ்டருக்கு."

பூங்குழலி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் கோதண்டராமன், மீட்டிங்கில் இருக்கும் மனிதரின் கிசுகிசுப்பில், "கண்டுபிடிச்சிட்டீங்களா? சர்வதேச கும்பலா?" என்றார்.

"சார், பாஸ்வேர்டு மாத்தணும்னா உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கணுமே. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? சைபர் விழிப்புணர்வு வாரத்துல பேசினவன்மா நான்! உயிரே போனாலும் ஓடிபிய யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"நீங்க யாருக்கும் சொல்லல. சரி. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"புரியலையே?"

"கண்ணாடி இல்லாம போன்ல எழுத்து உங்களுக்குப் படிக்க முடியாதுன்னு மொத நாளே சொன்னீங்க. மெசேஜ் வந்தா யாரு படிச்சி சொல்றது?"

"வீட்லதான் படிப்பாங்க. அன்னிக்குக்கூட ஏதோ நம்பர் வந்துது. 'பேங்க் ஃப்ராடுங்க, அழிச்சிட்டேன்'னு வீட்ல சொன்னாங்க. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"வீட்ல பேரு இன்னா சார்?"

"வீட்லயா? பேரு எதுக்கும்மா..." முப்பது வருடமாகப் பயன்படுத்தாத சாமான் எந்தப் பரணில் இருக்கிறதென்று தேடுகிறவர்போலத் தடுமாறினார். "மீட்டிங் ஆரம்பிச்சிட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்கே வந்துடுங்க." போன் அணைந்தது.

பூங்குழலி தன் நோட்டைப் புரட்டினாள். அவர் முதல் நாள் சொன்னதை வரி விடாமல் எழுதியிருந்தாள். 'காப்பி வீட்ல போட்டாங்க', 'நிஷாவோட பழைய கம்ப்யூட்டர வீட்ல தொடச்சி வெப்பாங்க', 'கேமே பிடிக்காதும்மா வீட்ல'. அத்தனை 'வீட்ல'வையும் அவள் ஒரு கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

கோதண்டராமனின் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டிருந்தார்கள். பூங்குழலி அழைப்பு மணியைத் தேடும்போதே, பக்கத்துச் சுற்றுச்சுவருக்கு மேல் ஒரு பெண்ணின் தலை எழுந்தது. ஷபீ அஹமதின் மனைவி பில்கிஸ்.

"சுந்தரிக்கா!" என்று ஜன்னலைப் பார்த்து அவள் குரல் கொடுத்தாள். "குழம்பு வெச்சிட்டியா, இல்ல இன்னும் லோடு ஏத்தினே இருக்கியா?" அப்புறம்தான் வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். தலை, எழுந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது.

ஹபீப் மெதுவாக விரல்விட்டு எண்ணினான். "எஸ், யு, என், டி... நடுவுல ஒரு ஏ. கடைசில ஒய்க்கு பதிலா ஐ. யக்கா, சண்ட்ரி இல்லக்கா அது. சுந்தரி!" அவன் மரியாதையாகக் கைகூப்பினான். "பி.காம் வாழ்க."

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளறையில், காதில் ஹெட்போனும் கொண்டையில் கனகாம்பரமுமாக, ஐம்பதைத் தொட்ட ஓர் அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் மழை. மழையில் ஒரு நீளமான லாரி, பாலம் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க," என்றார் சுந்தரி, திரும்பாமலே. "இப்ப ப்ரேக் அடிச்சா லோடு சாஞ்சிடும்."

உட்கார்ந்தார்கள். வேறு என்ன செய்வது? லாரி பாலத்தைக் கடந்து, ஒரு கிடங்கின் வாசலில் பின்பக்கமாகத் திரும்பி, கோடு தப்பாமல் நின்றது. மாநகரப் பேருந்துகள் பொறாமைப்படும் பார்க்கிங்.

"ஹாம்பர்க்," என்றார் சுந்தரி, ஹெட்போனைக் கழற்றியபடி. "அவர் கம்பெனி ஷூ இந்த ஊர்லதான் எறங்குதாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஹாம்பர்க், ஹாம்பர்க்னு சொல்றாரு. ரெண்டு தடவ அவர் மட்டும் போய்ட்டு வந்தாரு, எனக்கு சாக்லேட்டு வந்துது. சரின்னு நானே ஓட்டிட்டு வந்துட்டேன்."

"எப்போ கத்துக்கிட்டீங்கம்மா?"

"நிஷா வேலைக்கு மெட்ராஸ் போனப்ப கம்ப்யூட்டர வுட்டுட்டுப் போச்சு. அவர் அக்கவுன்ட் அதுல தொறந்தே இருந்துது. அவர் போன்லயே பட்டன் அமுக்கறதோட சரி, இந்தப் பக்கமே வர மாட்டார். ஒரு நாள் தூசி தட்டும்போது கை பட்டு லாரி கெளம்பிடுச்சு." சுந்தரி சிரித்தார். "ஸ்கூட்டி வாங்கித் தாங்கன்னு எத்தினி வருஷம் கேட்டேன். 'உனக்கு ட்ராஃபிக் பயம்'னுட்டாரு. இப்ப பதினாலு லாரி. நாலு ஊர்ல ஷெட்டு. வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு லீவு, எனக்கு அடுப்படி. பில்கிஸ்கூட அவங்க வூட்டு கம்ப்யூட்டர்ல ஓட்றா, எங்கூடவே பின்னாடி வருவா."

ஷபீ அஹமதின் அரிய சேகரிப்புக்கும் இதே கதிதான் என்று புரிந்ததும் ஹபீப் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பேரு ஏம்மா சண்ட்ரி?"

"சுந்தரின்னுதான் அடிச்சேன். அதுவா திருத்திடுச்சு. போவட்டும்னு வுட்டுட்டேன். இத்தினி வருஷம் 'வீட்ல'ன்னு இருந்தவளுக்கு சண்ட்ரி ஒரு ப்ரமோஷன்தானே?"

பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சுந்தரியின் முகம் அதற்குள் மாறியிருந்தது.

"மாப்ளைக்கு சீர்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கௌதம் தம்பி நல்ல புள்ளதான். ஆனா உள்ள போய் 'புதுசா ஆரம்பி'ன்னு ஒரு பட்டன அமுக்கினா என் கம்பெனி மொத்தமும் போச்சு. என்னுதுன்னு சொல்லிக்க என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அவர்கிட்ட எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் 'வீட்ல கேமே பிடிக்காது'ன்னு சொல்லி வெச்சிருக்காரு. பூட்டிட்டேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நீங்க அவருக்கு வேலை பாக்கறவங்க. சொல்லத்தான் வேணும், சொல்லுங்க. திருட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சுந்தரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிவிட்டார்.

*

கோதண்டராமன், பந்தல்காரனுக்கு இரண்டு உத்தரவும் எல்.ஈ.டி. திரைக்காரனுக்குப் போனில் மூன்று உத்தரவும் போட்டுவிட்டுக் கூடத்துக்குள் வந்தார். பூங்குழலியைப் பார்த்ததும் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். கேட்கப்போவது சர்வதேசச் செய்தி அல்லவா?

"சொல்லுங்க. யாரு அந்த சண்ட்ரி?"

"வீட்லதான் சார்," என்றாள் பூங்குழலி.

"வீட்லயா!" கோதண்டராமன் அதிர்ந்துபோய்ச் சுற்றும்முற்றும் பார்த்தார். "எங்க? எப்படி உள்ள வந்தான்?" சோபாவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். பீரோ இடுக்கைப் பார்த்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். ஹபீப்பும் அவர் பின்னாலேயே போய், மிகுந்த பொறுப்போடு மாவு டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"சார், வீட்லன்னா வீடு இல்ல. வீட்ல."

"அதான் கேக்கறேன், வீட்ல எங்க?"

"நீங்க எங்ககிட்ட ஆரம்பத்துலேருந்து சொல்றீங்களே, அந்த வீட்ல. சண்ட்ரிங்கற எழுத்துக்கு நடுவுல ஒரு ஏ போட்டு, ஒய்ய எடுத்துட்டு ஐ போட்டுப் படிங்க."

கோதண்டராமனின் உதடுகள் மெல்ல அசைந்தன. எஸ், யு, என்... அசைவு நின்றது. உள்ளறையிலிருந்து லாரி ஹார்ன் ஒன்று நீளமாக ஒலித்தது.

அவர் உள்ளறை வாசலுக்குப் போனார். தொண்டையைக் கனைத்தார். அப்புறம், பரணின் மூலையிலிருந்து அந்தச் சாமானை ஒருவழியாக இறக்கியவராக, "சுந்தரி," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பில்கிஸின் தலை உடனே எழுந்தது. "யாரக் கூப்பிடறாரு?"

"இருங்க," என்றார் சுந்தரி, திரும்பாமலே. "ரிவர்ஸ்ல இருக்கேன்."

ஜெனரல் மேனேஜர் காத்திருந்தார். மனைவியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். மழை ஓய்ந்த துறைமுகம். கப்பல்கள். வரிசையாக நிறுத்தப்பட்ட லாரிகளின் பக்கவாட்டில் அதே ஆறு எழுத்து. கோபப்படலாமா என்று அவர் முகம் ஒருமுறை யோசித்தது.

"இது ஹாம்பர்க் மாதிரி இருக்கே?"

"ஹாம்பர்க்தான்."

"இத்தினி லாரியும்?"

"என்னுது."

கோதண்டராமன் நாற்காலி ஒன்றை இழுத்து, அதன் நுனியில் உட்கார்ந்தார். அவர் குரல் முதல் முறையாக விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கங்களிலும் இல்லாத குரலாக இருந்தது. "நாளைக்கு மேடையில நான் இன்னா சொல்றது? திரை கட்டியாச்சு. சம்பந்தி ரயில்வே யூனியன்ல பாதிப் பேரைக் கூட்டிட்டு வர்றாரு."

"பூட்டினப்புறம் மனசு கேக்கல, மாப்ளைகிட்ட நானே போன்ல பேசிட்டேன்," என்றார் சுந்தரி. "அவரும் வியாழக்கிழமை விடாம வாங்கறவர்தானாம். உங்ககிட்ட இருக்கறது எல்லாம் அவர்கிட்டயும் இருக்காம். நீங்க எழுந்து நின்னு சொன்னப்ப, மரியாதைக்கு சும்மா இருந்துட்டாராம்."

கலெக்டரின் கஜானா, அந்த நாற்காலியிலேயே, அவர் கண்முன்னால் காற்றுப்போய் அடங்கியது. பார்க்கப் பூங்குழலிக்கே பாவமாக இருந்தது. ஷபீ அஹமது சொன்ன ரேஷன் வேட்டியை இப்போது நினைவுபடுத்த வேண்டாம் என்று ஹபீப்பின் காலை மிதித்தாள்.

"திரைல இதப் போடுங்க," என்றார் சுந்தரி. "மாப்ள வூட்ல கேட்டா, பொண்ணோட அம்மாவுக்கு ஐரோப்பாவுல லாரி கம்பெனி இருக்குன்னு சொல்லுங்க. பொய்யா?"

கோதண்டராமன் அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை, மைக் பிடித்த மாதிரி. தோள்கள் மெல்ல உயர்ந்தன. மோவாய் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. "ஏற்றுமதிக் குடும்பம்னும் சேத்துக்கலாம்," என்றார்.

வெளியே பந்தல்காரன் சீரியல் விளக்கைப் போட்டுப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் கலெக்டருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை. கை தானாகப் போனுக்குப் போனது, பாதியில் நின்றது.

"இந்த வாரம் கேமு..."

"நான் வாங்கிட்டேன்," என்றார் சுந்தரி. "அந்த அக்கவுன்ட்டுக்கு. உங்களுக்கு வேணும்னா புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிக்கங்க. ஓசிதானே?"

கண்ணாடி எங்கேயோ கிடந்தது. வழக்கம்போல அவர் போனை மனைவியிடம் நீட்டினார். சுந்தரி வாங்கி, மளமளவென்று பட்டன்களை அமுக்கினார்.

"ஓடிபி வந்திருக்கு. படிக்கவா?"

"நீயே போட்டுடு."

"பேரு கேக்குது. இன்னான்னு போடட்டும்?"

அறுநூறு கேம்களுக்கு அதிபதியாக இருந்து, இன்று முதல் ஒற்றைக் கேமோடு தொடங்கப்போகிற மனிதர் யோசித்தார். கலெக்டர் என்று சொல்ல வாயெடுத்தவர், லாரிகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"உனக்கு எது தோணுதோ போடு."

சுந்தரி போட்டுவிட்டு, போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்தும் அவருக்கு எழுத்து பிடிபடவில்லை. ஹபீப் தலையைச் சாய்த்துப் படித்துச் சொன்னான்:

"வீட்ல."